நூற்று நாற்பத்தேழு வரவில்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்கு என்ன என்று மட்டும் கேட்காதே. உன் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா, இல்லை இன்னும் டிவி சத்தத்தோடு போட்டி போடுகிறாரா?

போனில் பேசினால் ஐந்தாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, இனி எதுவானாலும் எழுது என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் எனக்கும் இது வசதிதான்.

பஸ்ஸில் டிக்கெட் மெஷினை மாட்டிவிட்டு, கண்டக்டர்கள் கையில் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய கதை உனக்குத் தெரியும். இப்போது நான் வேலையில்லாதவர் உதவித்தொகை வாங்குகிறவன். நீ உன் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். நான் என் ஊர் அலுவலகத்தில் இந்தப் பக்கம் நிற்கிறேன். அம்மா இருந்திருந்தால் பிள்ளைகள் இரண்டும் ஒரே டிபார்ட்மென்ட் என்று பெருமைப்பட்டிருப்பாள்.

இங்கே எனக்கென்று ஓர் ஆலோசகர் இருக்கிறார். தாடியை ஸ்கேல் வைத்து வெட்டியிருப்பார். அவருடைய கம்ப்யூட்டர் என் விவரங்களையெல்லாம் விழுங்கிவிட்டு எனக்குப் பொருத்தமான வேலை ஒன்றைக் கண்டுபிடித்தது. பயணிகளுக்கு டிக்கெட் மெஷினை இயக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. என்னை வீட்டுக்கு அனுப்பிய அதே மெஷின்! வயிறு எரிந்தாலும் விண்ணப்பித்தேன். மெஷினில் முன் அனுபவம் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள்.

அதோடு வாராவாரம் தன்னம்பிக்கை வகுப்பு. போகாவிட்டால் பணம் நிற்கும். போன வாரம் வகுப்பெடுக்கும் பெண், “நீங்க ஒரு பழமா இருந்தா என்ன பழமா இருப்பீங்க?” என்று கேட்டாள். என் பக்கத்தில் இருந்த கொத்தனார், “யாரும் வாங்காத பழம்மா” என்றார். அவருக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று இன்னொரு வகுப்பு கூடுதலாகப் போட்டுவிட்டார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும். உங்கள் ஆட்கள் எதைப் பார்த்துப் பணத்தை நிறுத்துகிறார்கள்? உள்ளே இருப்பவள் நீ, கொஞ்சம் சொல். இந்தப் பணம் நின்றால் வாடகை கிடையாது. வீட்டைக் காலி செய்துவிட்டு என் மச்சான் வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டியதுதான். அவர் இப்போதே அதற்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். ரோஸ் நிறம். சின்னவளுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அங்கிருந்து இவள் பள்ளிக்கு பஸ்ஸே கிடையாது. கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன், நம்பு.

அத்தானுக்கு வணக்கம் சொல். மாத்திரையை வேளைக்குப் போடு.

உன் தம்பி


ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். ரத்தக்கொதிப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, உன் கடிதம் வரும் நாட்களைத் தவிர. அத்தானின் இருமல் எனக்குப் பழகிவிட்டது. நின்றால்தான் பயப்படுவேன். உன் முழங்கால் வலி பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அலுவலக விஷயங்களை நான் வெளியில் பேசக்கூடாது. தம்பியாக இருந்தாலும் வெளி வெளிதான். கவுண்டருக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வதை உனக்கும் சொல்கிறேன். ஒன்று, சொன்ன நாளில் போ. இரண்டு, டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார், உன் எண் வரும்வரை வாயைத் திறக்காதே. மூன்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நான்கு, அங்கே யாருக்கும் உதவி செய்யப் போகாதே. இந்த நான்காவதை மற்றவர்களுக்குச் சொல்வதில்லை. உனக்காகச் சேர்த்தேன்.

மெஷினைக் கரித்துக்கொட்டுவதையும் நிறுத்து. காலம் மாறுகிறது, நாமும் மாறத்தான் வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கும் மெஷின் வரப்போகிறது என்கிறார்கள். நாங்கள் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது சுகம் என்று நினைக்காதே. கண்ணாடியில் போட்ட ஓட்டை வழியாக ஊரே என்னைத் திட்டுகிறது. எண்ணைக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. ‘வரவில்லை’ பட்டனை அமுக்கின பிறகு ஓடிவந்து அழுகிறார்கள். தன் எண்ணைக் கூப்பிட்டால் தெரியாத மனிதர்கள் எப்படித்தான் இருக்கிறார்களோ!

சின்னவளை நன்றாகப் படிக்கச் சொல். உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முழங்கால் பரவாயில்லை. மற்றது எதுவும் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. உன் உடம்பு எப்படி? இதை உட்கார்ந்துகொண்டு படி.

திங்கட்கிழமை என்னை வரச்சொல்லியிருந்தார்கள். போனேன். டோக்கன் எடுத்தேன். நூற்று நாற்பத்தேழு. உன் பேச்சைக் கேட்டு, வாயை மூடிக்கொண்டு தரையில் திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எண் காட்டும் பலகை வேலை செய்யவில்லை. ஒரே எண்ணிலேயே நின்றுகொண்டு கண்ணைச் சிமிட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர் எண்களை வாயால் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்பது மரியாதைக்கு. சாமி கும்பிடுகிறவர் மாதிரி முணுமுணுத்தார். முன்வரிசைக்கே கேட்கவில்லை. நூற்றுப் பத்து போச்சு, நூற்றுப் பதினொன்று போச்சு. பின்னால் ஒரு தையல்கார அம்மா எழுந்து, “நூத்திப் பத்து நான்தாங்க!” என்று கத்தினாள். “வரலைன்னு போட்டாச்சும்மா” என்றார் அவர். அந்த அம்மா அப்படியே நின்றாள்.

அக்கா, என்னால் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? ஆயுசு முழுக்க ஸ்டாப் பேரைக் கத்தினவன். எழுந்துவிட்டேன். கவுண்டர் பக்கத்தில் போய் நின்று அவர் முணுமுணுத்ததை வாங்கி ஹாலுக்குச் சொன்னேன். “நூத்திப் பன்னெண்டு! நூத்திப் பன்னெண்டு யாரு? வழி விடுங்க, உள்ள போறவங்களுக்கு வழி விடுங்க!” ஹால் முழுக்கச் சிரிப்பு. காவலாளியே கதவை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார். கண்ணாடிக்காரரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முணுமுணுப்பதையும் விட்டுவிட்டு எண்ணைத் தாளில் எழுதி என் பக்கம் காட்டத் தொடங்கினார். கொத்தனார் போனார். காது மந்தமான வாட்ச்மேன் ஒருவர் போனார். அந்தத் தையல்கார அம்மாவையும் இடையில் செருகி அனுப்பிவிட்டேன். யார் எண்ணும் தவறவில்லை. வேலை போனதிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

எல்லோரும் போய் ஹால் காலியானது. காவலாளி விளக்கை அணைக்க ஆரம்பித்தார். “நீங்க பார்த்தாச்சா சார்?” என்று கேட்டார். சட்டைப் பையைத் தொட்டேன். டோக்கன் இருந்தது.

பிறகுதான் ஞாபகம் வந்தது. கூப்பிட்டிருக்கிறேன், அக்கா. நானே கூப்பிட்டிருக்கிறேன். “நூத்தி நாப்பத்தேழு! நூத்தி நாப்பத்தேழு இல்லையா? சரி, ரைட், போலாம்! நூத்தி நாப்பத்தெட்டு!”

இன்று காகிதம் வந்துவிட்டது. குறித்த நாளில் வரவில்லை, ஆகவே உதவித்தொகை நிறுத்தப்படுகிறது.

என்ன செய்வது என்று உடனே எழுது. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

நலம். நீ எப்படி என்று கேட்கப்போவதில்லை, தெரிகிறது.

உன் கடிதத்தை அத்தான் இரண்டு தடவை படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையில்தான் அடித்துக்கொண்டேன். நான்காவது விதி எதற்கு எழுதினேன்?

நடந்ததை விடு. முறையீடு செய்ய ஒரு படிவம் தருவார்கள். அதில் ‘உடல்நலக் குறைவால் வர இயலவில்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் அடி. வயிற்றுப்போக்கு என்று எழுது. வயிற்றுப்போக்கைப் பற்றி மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். ‘மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்’ என்பதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததைச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. புரியாததை அவர்கள் நிராகரிப்பார்கள். இதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

வீம்பு பிடிக்காதே. சின்னவளை நினைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. எல்லோரும் இருக்கிறோம். நீயும் அத்தானும் நலம்தானே?

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன், அக்கா. கை போகவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நின்ற கால் இன்னும் வலிக்கிறது, நான் அங்கே இல்லை என்று எப்படி எழுதுவது? நேரில் பேசினால் புரியும் என்று கண்ணாடிக்காரரிடமே போனேன்.

“நான் அன்னைக்கு இங்கதான் சார் இருந்தேன். நீங்களே பார்த்தீங்களே.”

“இருந்தீங்கன்னா ஏன் கவுண்டருக்கு வரல?”

“கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

“யாரை?”

“எல்லாரையும்.”

கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அப்ப அன்னைக்கு நீங்க வேலை பார்த்திருக்கீங்க” என்றார். “உதவித்தொகை வாங்கிக்கிட்டு சொல்லாம வேலை பார்த்தா, அது வராம இருந்ததைவிடப் பெரிய தப்பு. யோசிச்சு எழுதுங்க.”

வந்தேன் என்றால் வேலை பார்த்தேன். வேலை பார்க்கவில்லை என்றால் வரவில்லை. இப்படி ஒரு பொறியை யாராவது உட்கார்ந்து செய்திருந்தால் அவனைப் பாராட்டலாம். இது தானாக அமைந்திருக்கிறது. அதுதான் ஆத்திரமாக வருகிறது. நான் யாரைத் திட்டுவது?

உன்னைத்தான் திட்ட வேண்டும் போலிருக்கிறது. வயிற்றுப்போக்காம்! உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி. உன் கண்ணாடியிலிருந்து ஹால் தெரியுமா? பட்டனை அமுக்குகிறாயே, அதற்கு முன் அந்த ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கிறாயா?

நடந்ததை நடந்தபடி எழுதி முறையீட்டைக் கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பதில் எழுத இத்தனை நாளானது. முதலில் கோபம். பிறகு வேலை. பிறகு வேறு சில. அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்குத் தலைசுற்றல் வந்து மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

நீ கேட்டதற்குப் பதில். தெரியாது. ஹால் எனக்குத் தெரியாது. என் கவுண்டருக்கு நேரே ஒரு தூண் இருக்கிறது. இத்தனை வருடமும் தூணைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், ஓர் எண்ணுக்கு ஆள் வரவில்லை. பட்டனில் விரலை வைத்துவிட்டேன். உன்மேல் இருந்த எரிச்சலில், பார்த்துவிட்டுத்தான் வருவோமே என்று எழுந்து போனேன். தூணுக்குப் பின்னால் ஒரு பெண் மடியில் பிள்ளையோடு இருந்தாள். பிள்ளை தூங்குகிறது, எழுந்தால் முழித்துக்கொள்ளும் என்று என்ன செய்வதென்று தெரியாமல் கையை மட்டும் உயர்த்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக உயர்த்தியிருந்தாளோ!

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் எழுந்து போகிறேன். மேலாளருக்கு எரிச்சல். “மேடம், உங்க கவுண்டர்ல மட்டும் லைன் நகரவே மாட்டேங்குது” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? என் தம்பி ஒரு முட்டாள், அவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டான் என்றா?

முறையீடு எப்போது விசாரணைக்கு வருகிறது? எழுது.

உன் அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. தலைசுற்றல் என்கிறாய், அதையும் போகிறபோக்கில் சொல்கிறாய். ஒழுங்காக டாக்டரைப் பார். நாங்கள் நலம் என்றே வைத்துக்கொள்.

விசாரணை ஜூன் கடைசியில். அதுவரை பணம் கிடையாது. மச்சான் போன ஞாயிற்றுக்கிழமை அளக்கிற டேப்போடு வந்தார். எங்கள் அலமாரி அவர் மாடிப்படியில் ஏறுமா என்று பார்க்க வேண்டுமாம். என் கண் முன்னால் அகலம், உயரம், ஆழம் எல்லாம் அளந்து, “ஏறாது மாப்ள, வித்துடலாம்” என்றார். சின்னவள் எழுந்துபோய் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். உன் தம்பி பெண்டாட்டி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டால்கூடத் தாங்கலாம். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இதற்கு நடுவில் என் ஆலோசகரும் விடவில்லை. பணம் நின்றாலும் வகுப்புக்கு வர வேண்டுமாம், வராவிட்டால் நிற்காத பணமும் நிற்குமாம். அது எந்தப் பணம் என்று கேட்டேன். கேள்வி கேட்பது நல்ல மனப்பான்மை என்று குறித்துக்கொண்டார்.

கொத்தனார், தையல்கார அம்மா, வாட்ச்மேன் மூன்று பேரும் எனக்காகச் சாட்சி சொல்ல வருகிறார்கள். அவர்கள் என்னைப் பார்த்தோம் என்று சொல்லச் சொல்ல நான் வேலை பார்த்ததுதான் உறுதியாகும். வேண்டாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்கள். இவர்களிடமிருந்து என்னை யார் காப்பாற்றுவது?

நீ சொல்ல மாட்டாய், தெரியும். வெளி வெளிதான். ஆனாலும் கேட்கிறேன். ஏதாவது வழி இருக்கிறதா, அக்கா?

அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நலமாக இருக்கிறேன். தலைசுற்றல் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். சமையலறை ஜன்னலில் பகல் வெயில் இவ்வளவு நேரம் நிற்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

வழி இருக்கிறது. இதைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன். இப்போது சொல்வதில் தப்பில்லை.

வேலை பார்க்கவில்லை என்று சாதிக்காதே. சாட்சிகள் வரட்டும், தாராளமாகப் பேசட்டும். வேலை பார்த்தாய் என்று விசாரிக்கிறவர்களே சொல்லும்வரை காத்திரு. சொன்னதும் ஒன்றே ஒன்று கேள். என்ன பதவியில், எந்த அதிகாரிக்குக் கீழே வேலை பார்த்தேன் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேள். குரலை உயர்த்தாதே. உனக்குக் குரலை உயர்த்தாமல் பேசத் தெரியாது, வீட்டில் பழகிக்கொள். அந்தக் கேள்விக்கு அங்கே யாராலும் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத கோப்பு விளக்கம் கேட்டு மேலே போகும். விளக்கம் வரும்வரை பணத்தை நிறுத்த முடியாது. விளக்கம் வராது. மேலே போன எந்த விளக்கமும் கீழே வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, சும்மா கேட்கிறேன். முதல் நாள் அங்கே போனபோது என்னென்ன கேட்டார்கள்? வாசலில் யாரிடம் சொல்ல வேண்டும்? கூட ஆள் வந்தால் உள்ளே விடுவார்களா?

சின்னவளிடம் அலமாரியை விற்க வேண்டியிருக்காது என்று சொல்.

உன் அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், இந்தத் தடவை நிஜமாகவே. நீயும் அத்தானும் எப்படி?

உன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா படித்தார், ஒருவர் மூக்கைச் சிந்தினார், இன்னொருவர் ஜன்னலைப் பார்த்தார். தையல்கார அம்மா என் புகழ் பாடினாள். கொத்தனார், “இவரு மட்டும் இல்லன்னா அன்னைக்கு அங்க கலவரமே வந்திருக்கும்” என்று சேர்த்து விட்டார். வாட்ச்மேனிடம் இரண்டு தடவை கேள்வி கேட்டார்கள். “எனக்குக் காது கேக்காதுங்க” என்றார். “ஆனா இவரு கூப்பிட்டது கேட்டுச்சு.”

நடுவில் இருந்த அம்மா நிமிர்ந்தார். “அப்ப நீங்க வந்திருக்கீங்க. ஆனா வேலை பார்த்திருக்கீங்க.”

வீட்டில் பழகினபடி மெதுவாகச் சொன்னேன். “சரிங்கம்மா. என்ன பதவி, யாருக்குக் கீழன்னு மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க.”

“பதவியா?”

“வேலை பார்த்தேன்னு நீங்கதானே சொல்றீங்க.”

ஜன்னலைப் பார்த்தவர் திரும்பினார். மூக்கைச் சிந்தியவர் கைக்குட்டையை மூக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மூன்று தலையும் ஒன்றுகூடின. அவர்கள் பேசியதில் “இவரை ஊழியர்னு எழுதினா…” என்பது மட்டும் என் காதில் விழுந்தது. கடைசியில் அம்மா கோப்பைக் கட்டினார். விளக்கம் கேட்டு மேலே அனுப்பப்படுகிறது. விளக்கம் வரும்வரை உதவித்தொகை தொடரும். நீ எழுதிய வார்த்தைகள் அப்படியே!

வீடு தப்பித்தது. மச்சானிடம் சொன்னேன். ரோஸ் பெயின்ட் வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். உன் தம்பி பெண்டாட்டி தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

நீ கேட்டாயே, முதல் நாள் என்ன கேட்டார்கள் என்று. அந்த ஆபீசிலேயே இருப்பவள் என்னைக் கேட்கிறாய். இதென்ன பரீட்சையா? வேலையை விட்டு அனுப்பிய காகிதத்தைக் கேட்டார்கள், அடையாள அட்டை கேட்டார்கள். வாசலில் காவலாளியிடம் சொன்னால் போதும். கூட ஆள் வரலாம். எதற்குக் கேட்டாய்?

உன் தம்பி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வீட்டுக்குப் போன் செய்தால் அத்தான் எடுத்து இருமுகிறார், “நல்லாத்தான் இருக்கா மாப்ள” என்கிறார், உன்னிடம் கொடுக்க மாட்டேன் என்கிறார். நேற்று உன் அலுவலகத்துக்கே போன் செய்தேன். ஒரு பெண் குரல் எடுத்தது. அக்கா இருக்காங்களா என்று கேட்டேன். புதிதாகப் பதிவுசெய்ய ஒன்றை அமுக்கவும் என்றது. எனக்கு என் அக்கா வேணும் என்று கத்தினேன். தங்கள் தேர்வு புரியவில்லை என்றது. அதற்குப் பிறகுதான் எனக்கு மெஷின் என்று உறைத்தது.

கவுண்டரில் இருந்தவர்கள் எல்லாம் எங்கே, அக்கா? எழுது. இல்லாவிட்டால் நான் கிளம்பி வந்துவிடுவேன்.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானைத் திட்டாதே, சொல்லாதீர்கள் என்று நான்தான் கெஞ்சினேன்.

மே மாதக் கடைசியில் மெஷின் வந்தது. மேற்பார்வைக்கு ஒரே ஒரு ஆளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். யாருடைய கவுண்டரில் லைன் வேகமாக நகர்ந்ததோ, அவரை. என் லைன் நகரவே இல்லை, உனக்குத் தெரியும். உன்னால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னால்தான். அதற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. ஆத்திரமாக மட்டும் வருகிறது, ராத்திரி பகல் என்றில்லாமல்.

காலம் மாறுகிறது, ஒப்பாரி வைக்காதே என்று உனக்கு எழுதியவள் நான். அப்புறம் எந்த முகத்தோடு உனக்கு இதை எழுதுவேன்?

போன வாரம் பதிவுசெய்யப் போனேன். அதே கட்டடம், அதே ஹால். காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். டோக்கன் எடுக்கும் மெஷினிடம் போனதும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அறுபத்திரண்டு. தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன், யாரும் பார்க்க வேண்டாம் என்று.

பலகை புதுப் பலகை. குரல் நல்ல கணீரென்ற குரல், உனக்குப் பிடிக்கும். எண் அறுபத்திரண்டு என்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் சொன்னது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, தம்பி. எங்கே போய்த் தொலைந்தார் இந்த அறுபத்திரண்டு என்று கழுத்தைத் திருப்பி ஹால் முழுக்கத் தேடினேன். இந்த வரிசை பார்த்தேன், அந்த வரிசை பார்த்தேன். பலகை அறுபத்துமூன்றுக்குப் போனது. கையைப் பிரித்தால் டோக்கன் வியர்வையில் நனைந்திருந்தது.

மெஷின் எழுந்து வந்து தூணுக்குப் பின்னால் பார்க்காது.

‘வரவில்லை’ என்று பதிவாகிவிட்டது. அடுத்த மாதம் ஏழாம் தேதி மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் வராவிட்டால் எதுவும் கிடையாது. அத்தானின் பென்ஷன் அவர் மருந்துக்கே போதாது. போக வேண்டும், தெரியும். அந்தக் குரலைக் கேட்டு எழுந்திருப்பேனா என்றுதான் தெரியவில்லை. தன் எண்ணைக் கூப்பிட்டால் தெரியாத மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று உன்னிடம் கேட்டிருந்தேன். இப்படித்தான் இருக்கிறார்கள்.

சின்னவளுக்கு அத்தையின் அன்பு.

உன் அக்கா


ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம் விசாரிப்பதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

ஆறாம் தேதி காலையில் பஸ் ஏறுகிறேன். டிக்கெட்டை பஸ் ஸ்டாண்ட் மெஷினில் இப்போதே எடுத்துவிட்டேன். சின்னவள்தான் அமுக்கக் கற்றுக்கொடுத்தாள், என்னால் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கும் தேதி அதற்குப் பிறகுதான், பார்த்துவிட்டேன், கத்தாதே. அத்தானிடம் சொல்லி எனக்கு ஒரு பாய் எடுத்துப் போடச் சொல். அவர் இருமலைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஏழாம் தேதி நாம் இரண்டு பேரும் போகிறோம். கூட ஆள் வரலாம், நான்தான் கேட்டுச் சொன்னேனே. தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டாம், முன்வரிசையில் உட்காருவோம். வேலையில்லாமல் போனதற்கு ஒளிந்துகொள்ள நாம் என்ன திருடினோமா?

நீ எழுதிய நான்கு விதிகளில் மூன்றை அப்படியே கேட்பேன். சொன்ன நாளில் வருவேன். வாயைத் திறக்க மாட்டேன், யார் எண்ணையும் கூப்பிட மாட்டேன். கேட்டால்தான் பதில் சொல்வேன். நான்காவது மட்டும் என்னால் ஆகாது. டோக்கனை நீ வைத்துக்கொள்ளாதே, என்னிடம் கொடு. உன் எண் வந்ததும் முழங்கையால் ஒரு இடி இடிப்பேன்.

உடனே எழுந்து போய்விடு, அக்கா. திரும்பி யாரையும் தேடாதே.

உன் தம்பி